விரற்கடை மாமாவும் மஞ்சள் கிண்ணமும்

அந்தப் பெயரை அவள் முதன்முதலாகக் கேட்டது, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலையில். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் சைக்கிள் மணி இரண்டு முறை அடித்தது. அதுவரை காலை நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த மாமியார், நெருப்பை மிதித்தவள் போல எழுந்தாள்.

“விரற்கடை வந்தாச்சு. கிண்ணத்த எடு.”

புது மருமகளுக்கு இரண்டுமே விளங்கவில்லை. விரற்கடை என்பது ஆளா, வியாதியா? கிண்ணத்தை எடுத்தால் அது போய்விடுமா?

போகாது. உட்காரும். உட்காருவதற்குத்தான் கிண்ணம்.

உலகத்தில் கத்தி பிடிக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கத்தி பிடிக்கிறவர் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘இதுக்குப் பேர் நறுக்கறதா?’ என்று கேட்கிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தால் உலகம் சாப்பிடுகிறது. இரண்டாம் இனத்தால் உலகம் தாமதமாகச் சாப்பிடுகிறது. இந்த இரண்டாம் இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வீடு தவறாமல் உண்டு. ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கையில் கத்தி இருக்காது. இரண்டு விரல் மட்டும் நிமிர்ந்திருக்கும். வந்தவுடன் ‘என்ன சமையல்?’ என்று கேட்கமாட்டார்கள். ‘எப்படி நறுக்கற?’ என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் இதுவரை பிறக்கவில்லை.

விரற்கடை மாமா அந்த இனத்தில் மூத்தவர். அவளுடைய மாமனாருக்கு உடன்பிறந்த தம்பி. அவளுக்குச் சின்ன மாமா, அவள் புருஷனுக்குச் சித்தப்பா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை ரேஷன் அட்டையைத் தவிர யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ‘ஒரு விரற்கடை. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்’ என்று எதற்கெடுத்தாலும் சொல்லிச் சொல்லி, பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

“யார் விரல், மாமா?” என்று இந்த மருமகள் ஒருமுறை கேட்டுவிட்டாள்.  மாமியார் பல்லைக் கடித்தாள்.

மாமா யோசித்தார். “என் விரல்தான்” என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

அவர் வேலை பார்த்தது மர அறுவை மில்லில். அறுப்பவராக அல்ல. வந்து இறங்குகிற மரத்தின் மேல் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுப்பவராக. அவர் போட்ட கோட்டில் அடுத்தவன் அறுப்பான். முப்பத்தெட்டு வருஷம் கோடு போட்டார். ஒரு குச்சியைக்கூட அவர் கையால் அறுத்ததில்லை. வேலையை விட்டு வந்த பிறகும் சட்டைப் பையில் சாக்பீஸ் துண்டு போகவில்லை. இப்போதும் எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும், நறுக்கும் பலகையைத் தன் பக்கம் இழுத்து, சாக்பீஸால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஊதிவிட்டு, திருப்பித் தள்ளி, “இதுக்குள்ள வை” என்பார். சாக்பீஸ் தின்றதால் அந்தக் குடும்பத்தில் யாரும் செத்ததில்லை. அதையும் சொல்லவேண்டும்.

இது ரத்தத்தில் வருவது. அவர் அம்மாவைப் பெற்ற தாத்தா, படகு கட்டுகிற இடத்தில் ஆணி எண்ணிக் கொடுத்தவராம். சுத்தியலைத் தொட்டதே இல்லையாம். அந்தத் தாத்தாவின் தங்கை மகன் ஒருவர், மழை நாளில் வருகிறவர் போகிறவர் குடையையெல்லாம் வாங்கி, ‘குடையை இப்படியா மடிக்கிறது’ என்று மடித்துக் கொடுத்தே ஆயுளைக் கழித்தவராம். அவரிடம் சொந்தமாக ஒரு குடை இருந்ததில்லை.

விரற்கடை மாமாவின் நம்பிக்கை ஒன்றே ஒன்றுதான். “சொல்லு சரியா இருந்தா துண்டு சரியா இருக்கும்.” அவர் கணக்கில், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல் உண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. வெங்காயத்தை உரிக்கவேண்டும், பிறகு அரியவேண்டும். காரட்டின் தோலைச் சீவவேண்டும், உடம்பை நறுக்கவேண்டும், அதுவே இனிப்புக்கு என்றால் துருவவேண்டும். பச்சை மிளகாயைக் கீறவேண்டும், கத்தரிக்காயை வகிரவேண்டும், பீன்ஸின் மூக்கைக் கிள்ளி, நாரை உரித்து, இடுப்பை முறிக்கவேண்டும். பூண்டு என்றால் நசுக்கு, மிளகு என்றால் நுணுக்கு, இறைச்சி என்றால் கொத்து, எலும்பு என்றால் தறி, ரொட்டி என்றால் பிய், விறகு என்றால் பிள, பென்சில் என்றால் சீவு, தலையும் சீவு, ஆனால் இரண்டையும் ஒரே கருவியால் சீவாதே. கழுத்தை அறுப்பது என்றும் ஒன்று உண்டு. அதை மட்டும் அவர் சொல்லித் தரவில்லை. செய்து காட்டினார்.

ஒரு சொல் மட்டும் அவர் முன்னால் ஆகாது. ‘வெட்டு’ என்ற சொல். “காயை வெட்டட்டுமா மாமா?” என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கிப்போகும். “ஏன், அந்தக் காய் உனக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? வெட்டறதுன்னா பகையாளிய வெட்டறது. மரத்தக்கூட நாங்க அறுக்கத்தான் செய்வோம்.”

அவர் மனைவி நல்ல மனுஷி. கல்யாணமாகி ஐந்தாம் வருஷமே காது மந்தமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். கடைசிவரை அப்படியே இருந்தாள். பக்கத்து வீட்டு ரகசியங்கள் மட்டும் ஒன்றுவிடாமல் அவளுக்குக் கேட்டன.

சரி, கிண்ணத்துக்கு வருவோம்.

மாமாவுக்கு மூத்த அக்காள் ஒருத்தி இருந்தாள். கெட்டிக்காரி. இந்த மருமகளின் புருஷன் பிறந்தபோது வீட்டில் அறுபது பேருக்கு விருந்து. மாமா காலை ஏழு மணிக்கே சைக்கிளில் வந்துவிட்டார். ஏழரைக்குப் பூசணிக்காயில் ஆரம்பித்தார். எட்டரைக்கு, நறுக்கியதையெல்லாம் மறுபடியும் நறுக்கச் சொன்னார். பத்து மணிக்கு, சிறிதாகிவிட்டதைப் பார்த்து, “இது இப்போ நறுக்கினதும் இல்ல, அரிஞ்சதும் இல்ல, நடுவுல நிக்குது” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். விருந்துக்கு வந்தவர்கள் சாயங்காலம் நாலு மணிக்குச் சாப்பிட்டார்கள். குழந்தையின் அப்பாவுக்கு மேலதிகாரி ஒருவர் பசி தாங்காமல் போயே போய்விட்டார். போகும்போது தொட்டிலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த விருந்துக்கு அக்காள் ஒரு வேலை செய்தாள். விளிம்பில் எனாமல் பெயர்ந்த ஒரு மஞ்சள் கிண்ணம் வீட்டில் கிடந்தது. அதை எடுத்து, முன்னறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தம்பியை உட்கார வைத்து, நறுக்கத் தெரிந்த ஒரு பெண்ணை எதிரில் அமர்த்தி, “தம்பி, இந்தக் கிண்ணத்த மட்டும் நீ பாத்துக்கோ. இது சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்” என்றாள். பெரியவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. மனம் நோகப் பேசுவதைவிட ஒரு கிண்ணம் காரட் மலிவு அல்லவா? முன்னறையில் விரற்கடை அளவில் கிண்ணம் நிறைந்தது. பின்கட்டில் கண்ட அளவில் அண்டா நிறைந்தது. விருந்து பன்னிரண்டு மணிக்கு நடந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கு மாமா போனாலும் ஒரு கிண்ணம் தயார். புதிதாக வாழ வருகிற பெண்ணுக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டும்போதே, உப்பு இங்கே, தீப்பெட்டி இங்கே, சின்ன மாமா கிண்ணம் இங்கே என்று சேர்த்துக் காட்டிவிடுவார்கள். இந்த மருமகளுக்குத்தான் அதைக் காட்ட மறந்துபோனார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். இந்தக் குடும்பம் அதை ஒரு கிண்ணத்துக்குப் பின்னால் மறைத்தது.

இனி அந்த மருமகளின் கதை.

அவள் அட்டைப்பெட்டி செய்கிற ஆலையில் எட்டு வருஷமாகப் பசை மேசையில் வேலை பார்த்தாள். பெட்டியின் காதுகளை மடித்துப் பசை தடவி ஒட்டவேண்டும். பசை அவள் விரல்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அரித்தது, பிறகு தோல் உரிந்தது, பிறகு வெடித்து ரத்தம் கசிந்தது. “இந்த வேலைய விட்டாத்தான் இந்தக் கை பிழைக்கும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் வீடு பிழைக்கவேண்டாமா? அந்தச் சமயத்தில்தான் ஆலையின் கான்டீனை நடத்திக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போனார். அவள் போய்க் கேட்டாள். மேனேஜர் கறாரான மனிதர்.

“மூணு நாள் நடத்திக் காட்டுங்க. பன்னண்டரை மணிக்கு மணி அடிக்கும்போது சாப்பாடு மேசையில இருக்கணும். மூணாவது நாள் நானே வந்து சாப்பிடுவேன். சரியா இருந்தா கான்டீன் உங்களுக்கு. இல்லன்னா திங்கக்கிழமை பசை மேசைக்கே போயிடுங்க.”

முதல் இரண்டு நாள் நன்றாக நடந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் உதவிக்கு இருந்த அம்மாள் ஈரத் தரையில் வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். நூற்று நாற்பது பேருக்குச் சமையல், விரல் வெடித்த ஒருத்தி. வேறு வழியில்லாமல் வீட்டு ஆட்களையே கூப்பிட்டாள். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மாமியார் வந்தாள், நாத்தனார் வந்தாள், வேன் ஓட்டுகிற புருஷன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். ஆளுக்கொரு பலகை எடுத்து உட்கார்ந்தார்கள். புருஷன் பூசணிக்காயைப் பிளந்தான், மாமியார் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள், நாத்தனார் கீரையைக் கட்டுக்கட்டாக வெட்டிக் கூடையில் தள்ளினாள். எட்டேகாலுக்குப் பாதி வேலை முடிந்திருந்தது. மருமகள் அப்போதுதான் ஒரு வாய் டீ குடித்தாள்.

வெளியே சைக்கிள் மணி இரண்டு முறை அடித்தது.

“யார் சொன்னது அவருக்கு?” என்றாள் மருமகள்.

எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள். மாமியார் உருளைக்கிழங்கைப் பார்த்தாள். “கடையில பாத்தேன். வாய் சும்மா இருக்கா?” என்றாள்.

“அம்மா, இன்னிக்கு ஒரு நாளாவது...” என்று ஆரம்பித்தான் புருஷன்.

“பேசாத. பூசணிக்காயத் தூக்கிட்டுப் பின்னால போ.”

மஞ்சள் கிண்ணம் வீட்டில் அல்லவா இருக்கிறது? இல்லை. மாமியார் தன் பையைத் திறந்தாள். கொண்டுவந்திருந்தாள். சொந்தத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு.

இரண்டு நிமிஷத்தில் இடம் மாறியது. கான்டீனின் முன்பக்கம், ஜன்னலை ஒட்டி, ஒரு ஸ்டூல், ஒரு பலகை, ஒரு கிண்ணம், நாலு காரட். எதிரில் மருமகள். மற்ற மூன்று பேரும், மீதிக் காய்கள் முழுவதும், பாத்திரம் கழுவுகிற பின்கட்டில்.

மாமா உள்ளே வந்தார். ஸ்டூலைக் கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். சாக்பீஸை எடுத்தார்.

“நூத்தி நாப்பது பேரா?”

“ஆமா மாமா.”

“அப்போ நறுக்கல் ரொம்ப முக்கியம். எங்க, காரட்ட எடு. தோல் சீவினியா, சுரண்டினியா?”

“சீவினேன்.”

“சுரண்டின மாதிரி இருக்கே.”

யோசித்துப் பாருங்கள். அடுப்பில் உலை கொதிக்கிறது. கடிகாரம் ஓடுகிறது. ஒருத்தியின் எட்டு வருஷத்து வலி திங்கட்கிழமை மறுபடியும் தொடங்குமா, தொடங்காதா என்பது பன்னிரண்டரை மணிக்குள் தெரியப்போகிறது. அவளோ சாக்பீஸ் கட்டத்துக்குள் காரட்டை வைத்து, ஒரு துண்டு நறுக்கி, நிமிர்ந்து பார்த்து, அடுத்த துண்டு நறுக்குகிறாள். பின்கட்டிலிருந்து தொம், தொம் என்று சத்தம். ஆனால் ஒன்று, அவள் கை அங்கே உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் வேகமாக வேலை செய்யவில்லை. வெடித்த விரலுக்கு அது ஓய்வாகக்கூட இருந்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

பதினோரு மணிக்கு மேனேஜர் வந்து நின்றார். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவேன் என்றவர், ஒன்றரை மணி நேரம் முன்னதாக. கறாரானவர்கள் அப்படித்தான், அடுத்தவர் நேரத்தில்தான் கறாராக இருப்பார்கள்.

முதலில் அவர் கண்ணில் பட்டது மாமா. பிறகு பலகை. பிறகு கட்டங்கள். பிறகு கிண்ணம்.

“பெரியவர் யாரு?”

மருமகள் வாய் திறக்குமுன் மாமா எழுந்து நின்றார். “நான் நறுக்கு பாக்கறவன் சார்.”

“நறுக்கு பாக்கறதா?”

“ஆமா சார். நறுக்கறது வேற, அரியறது வேற, வகிர்றது வேற. சொல்லு சரியா இருந்தா துண்டு சரியா இருக்கும்.”

மேனேஜர் கிண்ணத்திலிருந்து ஒரு காரட் துண்டை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, கேட்டால் நம்பமாட்டீர்கள், சட்டைப் பையிலிருந்து சிறிய இரும்பு ஸ்கேலை எடுத்தார். அவர் பெட்டி அளக்கிறவர். வாழ்நாள் முழுவதும் ஒரு மில்லிமீட்டருக்காகச் சண்டை போட்டவர்.

“பதினெட்டு” என்றார். “இதுவும் பதினெட்டு.” மூன்றாவதை எடுத்தார். “பதினெட்டு.” குரல் தழுதழுத்ததோ என்னவோ. “எல்லாமே இப்படித்தானா?”

பின்கட்டில் தொம் என்று விழுந்தது.

“அது என்ன சத்தம்?”

மாமியார் தலையை மட்டும் நீட்டினாள். “விறகு பிளக்கறாங்க சார்.”

“இங்க கேஸ் அடுப்புதானே?”

“பழக்கம் சார்” என்றாள் மாமியார். தலை உள்ளே போய்விட்டது.

மேனேஜர் ஸ்கேலைப் பைக்குள் வைத்தார். “சாப்பிடும்போது பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? ஸ்கேலோடு வந்து உட்காருவார் என்று அர்த்தம். அண்டாவில் கிடப்பதோ, ஒன்று கைமுஷ்டி அளவு, ஒன்று கட்டைவிரல் அளவு, ஒன்று முக்கோணம், ஒன்றுக்குத் தோல்கூடப் போகவில்லை. மருமகள் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. மஞ்சள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்கு ஓடினாள். அதை மட்டும் தனியே ஒரு சின்னப் பாத்திரத்தில் வேகவைத்து மேனேஜர் தட்டுக்கு என்று எடுத்து வைத்துவிடலாம்.

“கிண்ணத்த எங்க எடுத்துட்டுப் போற?” என்று பின்னால் குரல் கேட்டது.

வழக்கமாக என்ன நடக்கும்? சமையல் முடிகிற நேரத்தில் யாராவது மாமாவுக்கு டீ கொடுத்து வாசலில் உட்கார வைப்பார்கள். கிண்ணம் சத்தமில்லாமல் அண்டாவுக்குள் கவிழும். அன்றைக்கு டீ கொடுக்க ஆளில்லை. மாமா எழுந்து அவள் பின்னாலேயே வந்துவிட்டார். வந்தவர் பின்கட்டு வாசலில் நின்றுவிட்டார்.

அங்கே, ஈரத் தரையில், அவர் அண்ணன் மகன் கொடுவாளை ஓங்கியபடி இருந்தான். அவன் முன்னால் பூசணிக்காய், கல் குவாரியில் வெடி வைத்தது போலச் சிதறிக் கிடந்தது. நாத்தனார் உருளைக்கிழங்கைத் தோலோடு நாலாகப் பிளந்து எறிந்துகொண்டிருந்தாள். யாரும் அசையவில்லை. கொடுவாளும் இறங்கவில்லை.

மாமாவின் இரண்டு விரலும் மெல்ல நிமிர்ந்தன. பூசணிக்காயைப் பார்த்தார். உருளைக்கிழங்கைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்கள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு மடங்கின.

“இங்க வெயில் கண்ணக் கூசுது” என்றார். திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

“தப்பிச்சோம்” என்றான் புருஷன். “சித்தப்பாவுக்குப் பார்வை மங்கிடுச்சு போலிருக்கு.”

“நல்லதாப் போச்சு. சீக்கிரம் கையை ஓட்டு” என்றாள் மாமியார்.

மணி அடித்தபோது சாப்பாடு மேசையில் இருந்தது. நூற்று நாற்பது பேர் வரிசையில் வந்தார்கள். பாரம் தூக்குகிற ஆள் ஒருவன் இரண்டாவது முறை தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா. கடிச்சா ஏதோ வாயில இருக்குன்னு தெரியுது. முன்னால இருந்தவர் சமையல் எல்லாம் கூழ்” என்றான். மேனேஜர் தனி மேசையில் உட்கார்ந்தார். தட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேல். கிண்ணத்துக் காரட் துண்டு ஒன்றை அளந்தார். வெந்தால் கொஞ்சம் சுருங்கும் என்று தானே தலையாட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தார்.

“நல்லா இருக்கு. கான்டீன் உங்களுக்குத்தான்.”

மருமகள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு கண்டிஷன்” என்றார் மேனேஜர். “அந்தப் பெரியவர் தினமும் இருக்கணும்.”

அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். ஒரு கண் சிரித்தது, ஒரு கண் அழுதது. பின்கட்டிலிருந்து மாமியார், “கேட்டது கெடச்சா கேக்காததும் சேந்துதான் வரும்” என்றாள்.

மாமா வந்தார். தினமும் வந்தார். காலை எட்டு மணிக்குச் சைக்கிள் மணி, ஸ்டூல், சாக்பீஸ். மருமகள் தினமும் கால்மணி நேரம் ஒதுக்கி ஒரு கிண்ணம் நறுக்கினாள். மேனேஜர் போகும்போதும் வரும்போதும் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, சில நாள் ஸ்கேலும் போட்டு, மனம் குளிர்ந்து போனார். மற்ற மேனேஜர்களைக் கூட்டிவந்து காட்டினார் என்றும் கேள்வி. அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் விரல்களில் தோல் மூடி, நகம் நேராக வளர்ந்துவிட்டது.

ஒருநாள் அவளுக்கு அவசரம். உதவிக்கு வந்த அம்மாளும் வரவில்லை. கிண்ணத்துக்கு நறுக்க நேரமில்லாமல், அண்டாவுக்கு நறுக்கியதிலிருந்தே ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு மாமா முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

மாமா அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, பின்னால எப்படி வேணா வெட்டிக்கோங்க. முப்பது வருஷமா அப்படித்தானே நடக்குது. கிண்ணத்துல மட்டும் கை வைக்காத.”

காய்க்கு ‘வெட்டு’ என்ற சொல்லை அவர் வாயால் அவள் கேட்டது அன்றுதான். நின்றுவிட்டாள்.

“மாமா, உங்களுக்குத் தெரியுமா?”

“பூசணிக்கா உடையற சத்தம் எது, விறகு பிளக்கற சத்தம் எதுன்னு தெரியாதவனா நான்? மரம் அறுக்கற எடத்துல இருந்தவன்மா.”

“அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?”

மாமா கிண்ணத்தை லேசாக ஆட்டினார். துண்டுகள் உருண்டன.

“அக்கா ஆரம்பிச்சு வச்சது. அப்புறம் அண்ணி. அப்புறம் நீ. எந்த வீட்டுக்குப் போனாலும், நான் வரேன்னு தெரிஞ்சா, எனக்குன்னு ஒருத்தி உக்காந்து ஒரு கிண்ணம் நறுக்கறா. யாருக்கும்மா செய்வாங்க அப்படி?” என்றார். பிறகு ஒரு துண்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். “இது அரை விரற்கடை கூட இருக்கு. எடுத்துட்டுப் போ.”

அவள் எடுத்துக்கொண்டு போனாள். உட்கார்ந்து, தோல் சீவி, கட்டத்துக்குள் வைத்து, புதிதாக ஒரு கிண்ணம் நறுக்கிக் கொண்டுவந்தாள். அன்றைக்குச் சாப்பாடு ஐந்து நிமிஷம் தாமதம். பாரம் தூக்குகிறவன் கேட்டதற்கு, கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டாள்.

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் ஒரு சின்ன விஷயம். கொஞ்சம் முன்னால், நாத்தனார் கீரையை வெட்டிக் கூடையில் தள்ளினாள் என்று ஒரு வரி வந்ததே, அந்த இடத்தில் உங்களுக்கு எங்கேயாவது உறுத்தியதா? ‘கீரைய யாராவது வெட்டுவாங்களா, அரியறதுதானே’ என்று உதடு அசைந்ததா? இரண்டு விரல் தானாக நிமிர்ந்ததா?

நிமிர்ந்திருந்தால் பயப்படவேண்டாம். எழுந்து உங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய், நீங்கள் வருகிற சத்தம் கேட்டவுடன் யார் எதை எடுத்து முன்னால் வைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். உங்கள் முன்னால் எப்போதும் எல்லாம் சரியான அளவில்தான் இருக்கிறதா? அப்படியானால் பின்கட்டுப் பக்கம் போகாதீர்கள். போய்விட்டால், வெயில் கூசுகிறது என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.

விரற்கடை மாமாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, அட்டைப்பெட்டி ஆலையின் கான்டீனில், ஜன்னலை ஒட்டிய ஸ்டூலில் இருக்கிறார்.